காகம் இல்லாத பள்ளத்தாக்கு

அதைத் தெரிந்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? பஸ் பயணத்துக்குப் பெயர் பதிகிற பத்திரத்தில் சர்க்கரை இருக்கிறதா, இரத்த அழுத்தம் இருக்கிறதா, முழங்கால் எப்படி என்று அச்சில் ஒழுங்காகக் கிடக்கிறது. அதற்குக் கீழே "அன்றைக்கு விரதமா?" என்று கோழி கிண்டினதுபோல் ஒரு வரி. அது என் கையெழுத்து. அதை எடுத்துவிட்டால் பத்திரம் வடிவாக இருக்குமாம். வடிவு வேண்டுமென்றால் கண்ணாடியைப் பாருங்கள், பத்திரத்தை ஏன் பார்க்கிறீர்கள்? வேலையை விட்டுவிட்டு வீட்டில் காலை நீட்டி இருக்கிறவளை பாரிஸுக்குள் இந்த ரூ லூயி-பிளாங் கடை வரைக்கும் கூப்பிட்டு, ஒரு தேத்தண்ணீரும் தராமல் காரணம் கேட்கிறீர்கள். கலண்டரைப் பாராமல் பயணத்துக்கு நாள் குறிக்கிறவர்களுக்குக் காரணம் சொல்லி என்ன பயன்?

சரி, தேத்தண்ணீர் வந்துவிட்டது. சொல்கிறேன்.

நான் இந்தப் பயணக் கடைக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறவளாக வரவில்லை. லூர்து மாதாவிடம் போகிற பஸ்ஸுக்குப் புட்டு அவிக்க வந்தவள். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் மூன்றாம் வகுப்பு மிகவும் பிடித்துப்போய் இரண்டு வருடம் அங்கேயே இருந்தேன். ஆனால் சாப்பாடு யார் கையில் இருக்கிறதோ, அவர் கூப்பிட்டால்தான் எங்கள் சனம் நேரத்துக்குத் திரும்பி வந்து பஸ் ஏறும் என்பதை முதலாளி கண்டுபிடித்தார். அன்றிலிருந்து பஸ் என் பொறுப்பு.

லூர்துக்குப் போகிற வழியில் மலையைத் தாண்டி ஸ்பெயினுக்குள் கொஞ்சம் போனால் ஒரு வறண்ட பள்ளத்தாக்கு இருக்கிறது. அரசாங்கம் காவல் போட்டுப் பூங்காவாக வைத்திருக்கிறது. அதன் பெயரை நான் இதுவரை ஒழுங்காகச் சொன்னதில்லை. ஒருமுறை அந்த ஊர்க் கடையில் சொல்லிப்பார்த்தேன், தொண்டையில் ஏதோ அடைத்துவிட்டது என்று தண்ணீர் தந்தார்கள். பூங்கா என்றதும் பூ இருக்கும் என்று நினைக்காதீர்கள். மஞ்சளும் சிவப்புமாக வரி வரியாக மண்சுவர். என்றைக்கோ பெய்த மழை அரிவாளால் அறுத்ததுபோல் பிளந்துவிட்டுப் போயிருக்கிறது. நிழலைத் தேடித்தான் எடுக்க வேண்டும். சனம் வக்கான்ஸ் விடுமுறைக்கு வழியில் ஒரு புதுமையும் பார்க்கட்டும் என்று முதலாளி அதையும் பயணத்தில் சேர்த்தார்.

முதல் வருடம் நானே ஒரு பிழை விட்டேன். அதையும் கேளுங்கள், அது இல்லாமல் மற்றது விளங்காது.

அங்கே ஒரு காவலாளிப் பெண் இருந்தாள். வெயிலில் காய்ந்த முகம், பெரிய தொப்பி, கொஞ்சம் பிரெஞ்சு. பஸ் நின்றதும் அவள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். குளியலறைச் செருப்போடு இறங்கியவர்களைத் திரும்பப் பஸ்ஸில் ஏற்றினாள். அதில் ஒரு மாமி, பட்டுச்சீலை, "நான் நல்லூரிலை வெறுங்காலோடை தேருக்குப் பின்னாலை போறனான். இவ என்ன எனக்குக் கால் பாக்கிறது" என்று சண்டைக்குப் போனார். காவலாளிக்கு நல்லூர் தெரியாது. மாமி பஸ்ஸிலேயே இருந்தார். பிறகு அவள் எங்களுக்கு இரண்டு கட்டளை சொன்னாள். இங்கிருந்து ஒன்றையும் எடுக்கக் கூடாது, இங்கே ஒன்றையும் விட்டுப் போகக் கூடாது.

அதை உரத்த குரலில் தமிழில் சொன்னவள் நான். எடுத்தவளும் நான். உள்ளங்கை அளவில் ஒரு தட்டைக்கல், மிளகு தட்டுவதற்கென்றே செய்ததுபோல் கிடந்தது. பையில் போட்டுக்கொண்டேன். பஸ்ஸடியில் காவலாளி என் பை தொங்குகிற விதத்தைப் பார்த்தாள். ஏசவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரச் சொன்னாள். கல்லுக்கு என்ன, இங்கே ஓரமாகப் போட்டால் போதாதா என்றேன். தலையை ஆட்டினாள். உச்சி வெயிலில் தனியாகத் திரும்பி நடந்து தேடினேன். கடைசியில் அந்த இடத்தைக் கண்டேன். கல் இருந்த அளவுக்கு மண் கறுப்பாக இருந்தது. அதில் ஒரு சின்னத் தேள் தன் கூரையைக் காணாமல் நின்றது. நான் மிளகு தட்ட ஒருவருடைய வீட்டுக் கூரையைக் கொண்டுபோகப் பார்த்திருக்கிறேன். கல்லை வைத்துவிட்டு மன்னிப்பும் கேட்டேன். தமிழில்தான்.

திரும்பி வந்தபோது எங்கள் டிரைவர் பஸ் படியில் இருந்து சிரித்தார். புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தபோது ஆபிரிக்கப் பாலைவனத்தில் லொறி ஓட்டியவர். எனக்கு இந்த வேலையைச் சொல்லித்தந்தவர் அவர்தான், அதுவும் அன்றைக்கு ஒரே ஒரு பேச்சில்.

"இன்னமே நீ முன்னாடி நடக்காதம்மா. கடைசி ஆளா நட. எல்லார் கையிலயும் தண்ணி பூத்தேய் இருக்கும்ல, அதப் பாத்துக்கிட்டே வா. காலி பூத்தேய் வச்சிருக்கவனைப் பத்திக் கவலைப்படாத. அவன் குடிச்சிருக்கான். நெறஞ்ச பூத்தேய் வச்சிருக்கவனப் பாரு."

போத்தலைத்தான் அவர் பூத்தேய் என்பார். அப்போது எனக்கு அது பகிடியாகப் பட்டது. தண்ணீர் தீர்ந்தவனுக்கல்லவா ஆபத்து என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான் ஆள் மாறிவிட்டேன். பாரிஸ் லா சப்பலில் பஸ் ஏறும்போதே சப்பாத்துப் பார்ப்பேன். தொப்பி பார்ப்பேன். ஆளுக்கு இரண்டு பெரிய போத்தல் எண்ணிப் பார்ப்பேன். முன்னால் உள்ள தொலைபேசிக் கடைக்காரர், சுங்க இலாகா வந்துவிட்டது என்று கத்துவார். அவருக்கும் சப்பாத்துப் பார்த்தேன், வாயை மூடிவிட்டார்.

இனி அந்த வருடத்துக்கு வருகிறேன். இரண்டாயிரத்துப் பதினைந்தாக இருக்க வேண்டும். சனிக்கிழமை லூர்துப் பெருநாள். வியாழன் இரவு பூங்காவுக்குப் பக்கத்து ஊரில் தங்கி, வெள்ளி விடிய நடந்து, பத்து மணிக்கு முன் பஸ் ஏறி, பின்னேரம் லூர்து. சப்பாத்து, தொப்பி, தண்ணீர், மருந்து எல்லாம் சரி பார்த்தேன். ஒன்றைப் பார்க்கவில்லை. எங்கள் கடையே அச்சடித்துச் சனத்துக்குக் கொடுக்கிற கலண்டர் என் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அதில் அந்த வெள்ளிக்கிழமைக்குக் கறுப்பு வட்டம் போட்டிருந்தது. ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாதவர்கள் தகப்பனுக்காக விரதம் இருக்கிற நாள்.

அந்தப் பயணத்தில் பாரிஸுக்குப் பக்கத்து ஒபர்வில்லியேயிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். மொத்த வியாபாரக் கிடங்கில் பெட்டி தூக்குகிற வேலை. வன்னிப் பிள்ளை, முப்பது வயது இருக்கும், தனி ஆள். பத்திரத்தில் எல்லாக் கேள்விக்கும் "இல்லை" போட்டிருந்தார். நல்ல சப்பாத்து, நல்ல தொப்பி, கையில் இரண்டு போத்தல். என் கண்ணுக்கு அன்றைய பஸ்ஸில் முதல்தரமான பயணி அவர்தான்.

விடியற்காலையில் இறங்கினோம். காவலாளி முன்னால், நான் வால். போகும்போது தம்பி நடுவில் நடந்தார். திரும்பும்போது எனக்குச் சற்று முன்னால் வந்தார். பிறகு எனக்குப் பக்கத்தில். கிழவியின் பகிடி கேட்க வருகிறார் என்று எனக்குப் பெருமை. இரண்டு பகிடி விட்டேன். சிரிக்கவில்லை. என் பகிடிக்குச் சிரிக்காதவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் நின்று மண்சுவரைப் பிடிப்பதில்லை.

அப்போதுதான் அவருடைய பையைப் பார்த்தேன். இரண்டு போத்தலும் நிறைந்திருந்தன. மூடியின் வளையம்கூட உடையவில்லை.

"தம்பி, உந்தத் தண்ணியை ஆருக்குக் காவுறாய்?"

"எனக்குத்தான் அம்மா."

"அப்ப குடி."

"பேந்து குடிக்கிறன்."

"எப்ப?"

"லூர்திலை."

லூர்துக்கு நாலு மணித்தியாலம் பஸ் ஓட வேண்டும். அதற்கு முன் பஸ்ஸுக்கே நாற்பது நிமிடம் ஏற வேண்டும். அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். அடுப்புக்கல் மாதிரிச் சுட்டது. நான் நனைந்த கோழிபோல் வியர்த்து நிற்கிறேன், அவர் பொரித்த அப்பளம்போல் காய்ந்து நிற்கிறார். ஒரு சொல் சொல்ல அவர் நாக்கு இரண்டு தரம் தேடியது.

"இண்டைக்கு அமாவாசை அம்மா. அப்பான்ரை விரதம். லூர்திலை ஆறு ஓடுதெண்டு சொன்னவங்கள். அதுக்குத்தான் வந்தனான். ஆத்திலை எள்ளுந் தண்ணியும் இறைச்சு, காகத்துக்கும் வைச்சுப்போட்டுத்தான் குடிப்பன்."

"சாப்பாடு சரி. தண்ணியுமோ?"

"தண்ணிதான் அம்மா. அப்பா கடைசியாத் தண்ணிதான் கேட்டவர். என்னட்டை இருக்கேல்லை. திதியும் தெரியாது. வருசத்திலை இந்த ஒரு நாள்தான். அவருக்குக் குடுக்காமல் நான் குடிக்கிறேல்லை."

எந்த இடம், எந்த மாதம் என்று நான் கேட்கவில்லை. வன்னியில் கடைசி யுத்தத்துக்குள்ளிருந்து வந்தவரிடம் அதைக் கேட்கத் தேவையில்லை.

காவலாளியைக் கூப்பிட்டேன். வந்து அவர் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். இப்போதே குடிக்க வேண்டும், குடிக்காமல் ஓர் அடி ஏறக் கூடாது என்றாள். உதவிக்கு ஆள் கூப்பிடலாம், ஆனால் இந்தப் பள்ளத்துக்குள் அவர்கள் வந்து சேர நேரம் எடுக்கும், அவ்வளவு நேரம் இவருக்கு இருக்கிறதோ தெரியாது என்றாள். சனம் சுற்றி நின்றது.

"நாலு பேர் பிடிச்சுப் பருக்குங்கோ" என்றார் ஒரு ஐயா.

"விரதத்தை முறிக்கிறது பாவமெல்லே" என்றார் பட்டுச்சீலை மாமி. ஓம், அதே மாமிதான். அந்த வருடம் நல்ல சப்பாத்தோடு வந்திருந்தார்.

இரண்டு பேரையும் நிழலுக்கு அனுப்பினேன், ஒரே நிழலுக்கு. அங்கே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் தேத்தண்ணீரை வைத்துவிட்டுக் கேளுங்கள். முதலில் அவரை வெருட்டலாம் என்று நினைத்தேன். குடிக்காவிட்டால் செத்துப்போவாய் என்று வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். சாவைப் பக்கத்தில் கண்டவரைச் சாவைக் காட்டி வெருட்ட முடியாது. பிறகு ஒரு பொய் சொல்லலாமா என்று பார்த்தேன், விரதத்தில் தண்ணீர் குடிக்கலாம் என்று ஐயர் சொன்னவர் என்று. பொய் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை, நல்ல பழக்கம் இருக்கிறது. ஆனால் இது ஐயர் சொல்லி அவர் பிடித்த விரதம் இல்லை. ஐயர் வந்து அவிழ்க்க முடியாது. அவரைத் தடுக்கத் தடுக்க அவர் இன்னும் இறுகுவார் என்று விளங்கியது. அப்படியானால் விரதத்தை முறிக்க வேண்டாம். முடித்துவைக்க வேண்டும். லூர்தில் முடிக்க வேண்டியதை இங்கே, இந்த நிமிடத்தில்.

"எள்ளு எங்கை?" என்றேன்.

சட்டைப் பையைக் காட்டினார். கடதாசியில் சின்னச் சுருள்.

"எடு."

"ஆறு வேணுமே அம்மா."

"ஆறு நாளைக்கும் ஓடும். தண்ணியைச் சேத்து வைச்சு, பின்னேரம் கொண்டுபோய் விடுவம். கொப்பருக்கு விடாய் இப்பவெல்லே."

தகப்பனின் தாகம் என்றதும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் சாப்பாட்டுப் பெட்டி மூடியைக் கீழே பிடித்தேன். அவர் போத்தலைத் திறந்தார். அந்த மூடி வளையம் உடைந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உள்ளங்கையில் எள்ளை வைத்து, தண்ணீர் விட்டு, விரலால் மூன்று தரம் இறைத்தார். மூடிக்குள் விழுந்தது. ஓர் எள்ளும் மண்ணில் விழவில்லை. காவலாளி குனிந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது படையல். மற்றவர்களின் பெட்டியில் மீன் கட்லட். எனக்கு வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் இல்லை, என் பெட்டியில் புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பிரட்டலும். ஒரு கவளம் உருட்டினார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"காகம் இல்லையே அம்மா."

இல்லைத்தான். பிளவுக்கு மேலே ஒரு கழுகு மட்டும் வட்டமடித்தது.

"அதுக்கு வைப்பமோ?"

"அது கொப்பருக்காகச் சுத்தேல்லை மோனை. உனக்காகச் சுத்துது."

"பகிடி விடாதேங்கோ அம்மா."

அவர் கவளத்தைக் கல்லில் வைக்கக் கையை நீட்டினார். காவலாளி விரலை ஆட்டினாள். ஒன்றையும் விட்டுப் போகக் கூடாது. நான் அவளோடு வாதாடவில்லை. தேளின் கூரையைத் தூக்கியவள் நான், அங்கே யாருடைய வீட்டில் நிற்கிறேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் தம்பியின் முகம் மறுபடியும் பூட்டிக்கொண்டது. கவளம் கையில், தண்ணீர் மற்றக் கையில், இடையில் ஒரு காகம் குறைகிறது.

நான் அவருக்கு முன்னால் கல்லில் குந்தினேன். என் முழங்கால் போட்ட சத்தம் காவலாளிக்கும் கேட்டது.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். உன்ரை கொப்பர் வன்னியிலையிருந்து காகமா இவ்வளவு தூரம் பறந்து வரேலுமோ? எத்தினை எல்லை இருக்கு. கார்த் இல்லாமல் விடுவாங்களோ?"

வதிவிட அட்டையைத்தானே நாங்கள் கார்த் என்கிறோம். அதற்காக எத்தனை விடியற்காலை வரிசையில் நின்றிருப்பார், அவருக்குத் தெரியாதா. கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதாலை அவர் இஞ்சை ஏற்கெனவே பேப்பர் உள்ள ஒரு உடம்பிலைதான் வருவார். எனக்குப் பத்து வருசக் கார்த் இருக்கு. நிறமும் பொருத்தம். குரலும் பொருத்தமெண்டு என்ரை மனிசன் சாகும்வரைக்கும் சொன்னவர். வை."

"அம்மா..."

"வையடா."

வாயைத் திறந்து கரைந்தேன். கா, கா, கா. நான் மூன்றுதான் கரைந்தேன். பள்ளத்தாக்கு அதை வாங்கி, அந்தச் சுவரில் ஒன்று, இந்தச் சுவரில் ஒன்று என்று எறிந்தது. எங்கிருந்தோ பத்துக் காகம் கூட்டமாக வந்ததுபோல் இருந்தது. நிழலில் இருந்த சனம் எழுந்து நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை.

தம்பி கவளத்தை என் வாயில் வைத்தார். நான் தின்றேன். இன்னொன்று. பிறகு இன்னொன்று. அவர் தண்ணீர் குடித்தார். உடம்பில் ஒரு துளி இல்லை என்று நினைத்திருந்தேன், கண்ணில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தார்.

காவலாளி அவரை மெல்ல மெல்லக் குடிக்க வைத்தாள், என் சால்வையை நனைத்துக் கழுத்தில் போட்டாள். அவருக்கு வியர்க்கத் தொடங்கியது. ஒரு மனிதன் வியர்ப்பதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான். நன்றாகத் தெளியும்வரை இருந்து, நிழலுக்கு நிழல் நின்று ஏறினோம். வழியில் அவள் இது என்ன என்று கேட்டாள். எங்கள் ஊரில் இன்றைக்குப் பறவை சாப்பிட்ட பிறகுதான் பிள்ளை சாப்பிடும், பறவை வராததால் நான் மேலதிக வேலை செய்தேன் என்றேன். அவள் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தாள். பிறகு என் சீலைக் கொசுவத்தைக் காட்டி, அதில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கிறது, இங்கே விழுத்தாதே என்றாள். எடுத்து வாயில் போட்டேன். வேலை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

எள்ளுத் தண்ணீரைக் காலியான போத்தலில் ஊற்றினோம். நாலு மணித்தியாலமும் தம்பி அதை மடியில் வைத்திருந்தார். லூர்தில் சனம் மெழுகுதிரி பிடித்துக்கொண்டிருந்த ஆற்றங்கரையில், ஓர் ஓரமாக இறங்கி அதை ஆற்றில் விட்டார். மாதா ஒன்றும் சொல்லவில்லை. டிரைவர் தூரத்தில் நின்று என்னைப் பார்த்து விரலால் ஒரு போத்தல் வரைந்து காட்டினார். அன்றைக்குத்தான் அவர் சொன்னது எனக்கு முழுதாக விளங்கியது.

பாரிஸுக்கு வந்து முதல் வேலையாகப் பேனையை எடுத்து அந்த வரியை எழுதினேன். தம்பி மறைத்தார் என்று நீங்கள் சொல்லலாம். அவர் மறைக்கவில்லை, நான் கேட்கவில்லை. சர்க்கரை கேட்டேன், முழங்கால் கேட்டேன். எங்கள் சனத்தைக் கூட்டிக்கொண்டு வெயிலுக்குள் போகிறவள், அன்றைக்கு யாருக்காகப் பட்டினி கிடக்கிறார்கள் என்று கேட்கவில்லை. அதனால் அதை அழிக்காதீர்கள். என் எழுத்துக் கோணல் என்றால் நேராக எழுதுங்கள், எனக்குக் கோபம் இல்லை. கலண்டரையும் தலைக்கு மேலே மாட்டாதீர்கள், கண்ணுக்கு முன்னால் மாட்டுங்கள்.

தம்பி சுகமாக இருக்கிறார். இப்போது கலியாணம் முடித்து ஒரு பெண்பிள்ளையும் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு ஆடி அமாவாசை, நான் இருக்கிற கார்ஜ் லே கொனெஸ் மாடிக்கு, அவர் வாயில் ஒன்றும் படுவதற்கு முன், ஒரு பெட்டியோடு வருவார். அந்த விரதத்துக்கென்றே சமைக்கிற காத்தோட்டிக்காய்க் கறியும் இருக்கும். கசப்பு. காகம் முறைப்பாடு சொல்ல முடியாது. மூன்று வாய் தின்பேன், அவர் என் வீட்டுக் குழாயில் ஒரு குவளை தண்ணீர் குடித்துவிட்டு இறங்கிப் போவார்.

மாடியில் உள்ளவர்களுக்கு இது பெரிய யோசனை. போன வருடம் எதிர்வீட்டுப் பெண், பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றே கேட்டாள்.

"ஆரக்கா அந்தப் பொடியன்? வருசத்திலை ஒரு நாள் வாறார், நீங்கள் மூண்டு வாய் தின்னுறியள், போயிடுறார். சொந்தமோ?"

"சொந்தமில்லை" என்றேன். "ஒபர்வில்லியேயிலையிருந்து காகத்துக்கு வைக்க வாறவர்."

"ஏன், ஒபர்வில்லியேயிலை காகம் இல்லையோ?"

"நிறைய இருக்கு பிள்ளை. அதுகளுக்குக் கார்த் இல்லை."